பிடி

நூற்றிருபது பவுண்டுக்கு வாங்கினோம்,
காக்கர்மவுத்துக்கு வடக்கே ஓர் ஆட்டுப்பண்ணையில்.
ஓட்டுநர் இருக்கைக்குள் காஞ்சொறி முளைத்திருந்தது.
"எஞ்சின் நல்ல எஞ்சின்" என்றார் பண்ணைக்காரர்,
போய்ச்சேர்ந்தவரின் குணத்தைச் சொல்வதுபோல.
லோர்னா பேரம் பேசவில்லை.
அடியில் மல்லாந்து படுத்து எதையோ தட்டிக் கேட்டு
தலைமுடியில் ஆட்டுப்புழுக்கையோடு எழுந்தாள்.
"இழுத்துட்டுப் போகலாம்."

எண்பத்தொன்பதாம் வருட சியெரா.
நான்கு பேர் உட்கார்ந்த கூடு
இருவர் உட்காரும் ஒன்றாக வேண்டும், கூரையில்லாமல்.
எங்கள் கராஜில் அதுவரை
ஒரு சைக்கிளும் புல்வெட்டியும்தான் இருந்தன.
அவை மழைக்குப் போயின.

வெட்டும்போது இருக்கைக்கடியில் ஒரு சீட்டு:
மோர்கம் கடற்கரை, வாகன நிறுத்தம்,
தொண்ணூற்று மூன்று ஆகஸ்ட், மாலை நாலு பத்து வரை.
அவள் முகமூடியை ஏற்றிவிட்டு வாசித்தாள்.
"நேரத்துக்குத் திரும்பியிருப்பாங்களா?"
என்று மட்டும் கேட்டாள்.
பிறகு கிரைண்டர் மறுபடி அலறியது.

ஒட்டுப்பலகையில் சுண்ணக்கட்டியால் முழு அளவு வரைந்து
கோட்டின் மேல் கோடாக இரும்புக் குழாய் அடுக்கினாள்.
ஓரங்குலச் சதுரக் குழாய்.
முதலில் பற்றவைத்த மூட்டு
ஒரே சுத்தியலடியில் வாய் பிளந்தது.
இரண்டாவதும்.
பதினேழாவது மூட்டில் சுத்தியல்தான் துள்ளியது.
அன்றிரவு மீன் பொரியல், வினிகர் தாராளமாக.

மூன்று குளிர்காலம் எனக்கு இருந்த வேலை ஒரு சொல்.
முகமூடிக்குள்ளிருந்து வரும்: பிடி.
பிடித்தேன்.
குழாயை, விளக்கை, பிரேக் குழலின் வாலை,
அவள் இரு காலையும், ஒருமுறை
பரிமாற்றத் தண்டுக்குள் அவள் தலைகீழாகத் தொங்கியபோது.
தேவாலயத்தில் எங்களைச் சொல்லவைத்த வாசகங்களைவிட
இது சுருக்கம்.
அவற்றில் பாதி எனக்கு மறந்துவிட்டது.

கியர்பெட்டி குளியல்தொட்டியில் கிடந்த மாதம்
நாங்கள் நீச்சல்குளத்தில் குளித்தோம்.
பிரேக் பாகங்களுக்குச் சிவப்படித்து
அடுப்பு ஓவனில் உலர்த்தினாள்.
ஈஸ்டர்வரை ரொட்டியெல்லாம்
தீயணைப்பு வண்டி வாசம்.

கார்லைலில் சோதனை.
ஆஸ்பினால் என்ற ஆய்வாளர், பேச்சில்லாத மனிதர்,
குச்சியில் செருகிய ஒரு பந்து வைத்திருந்தார்,
ஆரஞ்சைவிடக் கொஞ்சம் பெரியது.
வண்டி முழுவதும் அதை உருட்டினார்.
பந்து தொடும் இடம் எதுவும் கூராக இருக்கக்கூடாது;
பந்து நுழையாத இடத்தில் என்ன இருந்தாலும்
அது அவர் கவலையில்லை.
விளக்குத் தாங்கியின் விளிம்பில் நின்றது பந்து.
தேறவில்லை.
திரும்பும் வழியெல்லாம் லோர்னா
என்னை ஒன்றும் பிடிக்கச் சொல்லவில்லை.

அரம் கொண்டு அவள் ராவிய நான்கு மாலைகளைப் பற்றி
சொல்ல ஒன்றுமில்லை. ராவினாள்.
ஐந்தாம் வாரம் தேறியது.

எண்பலகை வந்தது, க்யூ எழுத்தில் தொடங்கி.
வயது உறுதியில்லாத வண்டிகளுக்கு
இந்த நாட்டில் அந்த எழுத்து.
எஞ்சினுக்கு ஒரு வயது, எலும்புக்கு ஒரு வயது,
திசைகாட்டி விளக்கு போன செவ்வாய் வாங்கியது.
லோர்னாவுக்கு நாற்பத்தொன்பது.
"எனக்கும் ஒண்ணு வாங்கித் தா" என்றாள்.

முதல் ஓட்டம் பாசன்த்வெய்ட் ஏரிக்கரையில்.
மழை எங்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.
கதவில்லை, கூரையில்லை, கைப்பிடியும் இல்லை;
மூன்று குளிர்காலம் பழகிய என் கைகள்
மடியில் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன.
காற்றை மீறிக் கத்தினாள்:
"பிடிச்சிருக்கா?"
எதைக் கேட்கிறாள் என்று புரியவில்லை.
எதுவானாலும் ஆமாம்தான். கத்தினேன்.

பிறகு ஆடுகள். சாலை நிறைய, அவசரமேயில்லாமல்.
நின்றோம்.
அடியில் ஏதோ சொட்டியது. மழையா, எண்ணெயா?
அதற்குள் அவள் ஒரு காலைச் சட்டத்துக்கு வெளியே போட்டு
ஈரச் சாலையில் மண்டியிட்டிருந்தாள்.
கையுறையைக் கழற்றி
பார்க்காமலே என் பக்கம் நீட்டினாள்.

"பிடி."